கை மாற்று அறுவை சிகிச்சை: தோல் சொல்லிவிடும், ரத்தக்குழாய் சொல்லாது

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஒரு கட்டடத் தொழிலாளிக்கு இரண்டு கைகளையும் பொருத்தினார்கள். திண்டுக்கல் மாவட்டத்துக்காரர், மின்சாரம் தாக்கிக் கைகளை இழந்தவர். மூளைச்சாவு அடைந்த ஒருவருடைய கைகள் அவருக்கு வந்தன. டிவியில் அந்தச் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "ஒட்டு மாங்கன்னு மாதிரி ஒட்டிக்குமாடா?"

"ஒட்டிக்கும்மா, மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே இருக்கணும்" என்று அரைகுறையாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். அந்தக் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கொடுத்திருக்கலாம். அதற்கான பதில்தான் இது.

மாங்கன்றிலிருந்தே தொடங்கலாம். நாட்டு மாங்கன்றின் தண்டைச் சீவி, அதில் பங்கனபள்ளிக் குச்சியைச் செருகிக் கட்டுகிறோம். பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சைப் படலம் இரண்டிலும் சரியாகப் பொருந்தினால் போதும், ஒட்டிக்கொள்ளும். காரணம், வந்திருப்பது யார் என்று விசாரிக்க மரத்துக்குள் ரோந்து சுற்றும் செல்கள் கிடையாது. நமக்கு இருக்கின்றன. வெள்ளையணுக்களில் டி-செல் என்றொரு வகை, ரத்தத்திலும் திசுக்களிலும் ஓயாமல் சுற்றிக்கொண்டே வழியில் பார்க்கும் ஒவ்வொரு செல்லையும் சோதிக்கிறது. செல்லின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக் கதவில் ஒட்டிய ரேஷன் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி விவரம் அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருவதால், கூடப்பிறந்தவர்களில் சிலருக்கு அது ஒத்துப்போகலாம், வெளியாட்களில் அப்படி இருப்பது மிக அரிது. ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையருக்குத்தான் எல்லாமே அச்சு அசலாக ஒன்று. 1954-ல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அப்படிப்பட்ட இரட்டையருக்கு இடையில்தான் நடந்தது. கார்டு ஒன்று என்பதால் சண்டையே வரவில்லை.

மற்ற எல்லாருக்கும் சண்டை வரும். அதற்குப் பெயர்தான் நிராகரிப்பு.

கைக்கு ஏன் கூடுதல் தொல்லை?

சிறுநீரகம் பெரும்பாலும் ஒரே வேலை செய்யும் ஒரே உறுப்பு. கை அப்படியில்லை. தோல், தசை, எலும்பு, மஜ்ஜை, நரம்பு, தசைநாண், ரத்தக்குழாய் என்று ஒரு கூட்டுக் குடும்பமே அதில் குடியிருக்கிறது. எதிர்ப்பை அதிகம் கிளப்புவது தோல். வெளியுலகக் கிருமிகளை முதலில் சந்திக்கும் இடம் என்பதால், அந்நியரைக் கண்டால் கூச்சல் போடும் செல்களை உடல் தோலில் நெருக்கமாகக் குவித்து வைத்திருக்கிறது. கொடையாளரின் தோலோடு அந்தச் செல்களும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. வந்தவை புது உடலின் டி-செல்களிடம் போய்த் தங்களை அறிமுகம் செய்துகொள்ள, பிரச்சினை ஆரம்பமாகிறது.

1964-ல் ஈக்வடாரின் குவாயாகில் நகரில் ராபர்டோ கில்பர்ட் என்ற அறுவை மருத்துவர் ஒரு மாலுமிக்குக் கை பொருத்திப் பார்த்தார். தையல் வேலையில் குறையில்லை. அன்றைக்குக் கையிலிருந்த மருந்துகள் போதவில்லை. மூன்று வாரத்துக்குள் அந்தக் கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் துணியவில்லை.

நிலைமையை மாற்றியது மண். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் வந்தது. ஜப்பானின் சுக்குபா மலையடிவார மண்ணில் 1984-ல் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து டாக்ரோலிமஸ் வந்தது. இரண்டும் டி-செல்லைக் கொல்வதில்லை. ஆள் சேர்த்துப் படை திரட்ட அது அனுப்பும் சமிக்ஞையை முடக்கிவிடுகின்றன. இன்றைக்குக் கை மாற்றுக்கு முதுகெலும்பு டாக்ரோலிமஸ்தான். அதற்கு எதிர்பாராத நற்குணம் ஒன்றும் உண்டு: வெட்டுப்பட்ட நரம்பு வளர்வதைக் கொஞ்சம் வேகப்படுத்துகிறது. நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டில் தைத்த நரம்பு விரல்நுனியைத் தொட ஆறேழு மாதம் ஆகும் என்பதால் அந்தக் கொஞ்சம்கூடப் பெரிய விஷயம்.

1998 செப்டம்பர் 23 அன்று பிரான்சின் லியோன் நகரில் ஜான் மிஷேல் டுபெர்னார் தலைமையில் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து மறுபடி முயன்றார்கள். பெற்றுக்கொண்டவர் ஒரு நியூசிலாந்துக்காரர். கை ஒட்டியது, விரல்கள் அசைந்தன. ஆனால் அவருக்கு அந்தக் கை தன் கையாகத் தோன்றவேயில்லை. மருந்தையும் ஒழுங்காக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டார். தோல் சிவந்து, உரிந்து, கை கெட்டுப்போனது. 2001 பிப்ரவரியில் லண்டனில் அவரே கேட்டு அதை அகற்றிக்கொண்டார். 1999 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பொருத்திய அடுத்த கையோ இருபது ஆண்டுகளைத் தாண்டியும் வேலை செய்தது. 2015-ல் கொச்சி அம்ரிதா மருத்துவமனையில் சுப்பிரமணிய ஐயர் குழு இந்தியாவின் முதல் கை மாற்றைச் செய்தபோது, உலகத்துக்கு இந்தக் கலையில் ஓரளவு கை பழகியிருந்தது.

தோலில் தெரியும் சண்டை

கை பொருத்திக்கொண்டவர்களின் உலகப் பதிவேட்டைப் பார்த்தால், சுமார் 85 சதவீதம் பேருக்கு முதல் ஆண்டிலேயே ஒரு முறையாவது தீவிர நிராகரிப்பு வந்திருக்கிறது. சிறுநீரகத்தில் இப்படி வந்தால் பதறிப் போவார்கள். கை மருத்துவர்கள் அவ்வளவு பதறுவதில்லை. காரணம், அது கண்ணுக்குத் தெரிகிறது.

முதலில் புறங்கையிலோ முன்கையிலோ வேர்க்குரு மாதிரி சில சிவப்புப் புள்ளிகள். இரண்டு மூன்று நாளில் அவை சேர்ந்து திட்டாகும். கை லேசாக வீங்கும், மோதிரம் இறுகும். கையால் கடினமான வேலை செய்பவர்களில் சிலருக்கு உள்ளங்கையிலும் நகங்களிலும் மட்டும் வருவதுண்டு. தன் சொந்தத் தோல் முடிந்து, கொடையாளரின் தோல் தொடங்கும் தையல் கோட்டில், வரப்பு போட்டது போல அந்தச் சிவப்பு டக்கென்று நின்றுவிடும். அந்தக் கோட்டைப் படத்தில் ஒரு முறை பார்த்தவர்களுக்கு நிராகரிப்பு என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

சந்தேகம் வந்தால் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டு, சுமார் 4 மில்லிமீட்டர் வாயுள்ள வட்டக் கத்தியைத் தோலில் வைத்துத் திருகி, மிளகளவு துண்டை எடுப்பார்கள். ஒரு தையல், ஒரு பிளாஸ்டர், வீட்டுக்குப் போகலாம். அந்தத் துண்டில் டி-செல்கள் எவ்வளவு ஆழம் புகுந்திருக்கின்றன என்பதை வைத்து 0 முதல் 4 வரை மதிப்பெண். பான்ஃப் அளவுகோல் என்று பெயர். 2007-ல் கூடி வகுத்தது. குறைந்த மதிப்பெண் என்றால் ஸ்டீராய்டு களிம்போ டாக்ரோலிமஸ் களிம்போ தடவினாலேயே சில நேரம் அடங்கிவிடும். சிறுநீரகத்துக்குக் களிம்பு தடவ முடியுமா? கூடுதல் என்றால் ரத்தக்குழாய் வழியாக அதிக அளவு ஸ்டீராய்டு. அதற்கும் மசியாவிட்டால் டி-செல்களையே குறைக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மருந்து. பெரும்பாலானவை இந்தப் படிகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஆனால் மருந்துக்கு விலை உண்டு. டாக்ரோலிமஸ் வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுக்க. ரத்தப் பரிசோதனை நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போக வேண்டும். முந்தைய மாத்திரையின் மிச்சம் எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள். தெரியாமல் மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால் அன்றைய கணக்கு வீண். பப்ளிமாஸ் சாப்பிடக் கூடாது, அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் கூடாது. டாக்ரோலிமஸை உடைக்கும் நொதியை அவை முடக்குவதால் ரத்தத்தில் மருந்து தாறுமாறாக ஏறிவிடும். இவை சின்னச் சங்கடங்கள். பெரிய சங்கடங்கள் வேறு: சர்க்கரை நோய், சிறுநீரகப் பாதிப்பு, தொற்றுகள், சில வகைப் புற்றுநோய்கள், ஸ்டீராய்டால் இடுப்பு மூட்டு எலும்பு செத்துப்போவது.

என்னை உறுத்துவது இந்த இடம்தான். இதயமோ ஈரலோ வாங்கிக்கொள்பவருக்கு வேறு வழியில்லை. கை இல்லாமல் உயிர் வாழலாம். பொற்கைப் பாண்டியன் கதை நமக்குத் தெரியும். நள்ளிரவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிய குற்றத்துக்குத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு, பொன்னால் கை செய்து மாட்டிக்கொண்ட அரசன். பொன்னுக்கு எச்.எல்.ஏ. கிடையாது, மாத்திரை வேண்டாம், நிராகரிப்பும் இல்லை. ஆனால் பொற்கையால் தன் பிள்ளையின் கன்னத்துச் சூட்டை உணர முடியாது. எதற்கு எதை விலையாகக் கொடுப்பது என்பதை நோயாளிதான் முடிவு செய்ய வேண்டும், நான் இல்லை. 2015-ல் பிலடெல்பியாவில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இரு கைகளையும் பொருத்தினார்கள். அவனுக்கு அம்மாவின் சிறுநீரகம் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது. எதிர்ப்பை அடக்கும் மருந்து எப்படியும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்தத் தராசில் ஒரு தட்டு முன்பே இறங்கியிருந்தது.

குழாய்க்குள் நடப்பது

கையில் ஒரு வசதி, எல்லாம் வெளியே தெரியும் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். தோல் நன்றாக இருந்தால் உள்ளேயும் நன்றாக இருக்கும் என்பது கணக்கு. அதைக் கலைத்தது லூயிவில் குழுவின் அனுபவம்.

அங்கே கை பொருத்திக்கொண்ட ஆறு பேரை அந்தக் குழு ஆராய்ந்தது. அவர்களில் நான்காமவர் மருந்தைத் தவறவிடவில்லை, சொன்னதைக் கேட்டார். அப்படியும் 275-ம் நாள் கையை இழந்தார். கையைக் கெடுத்தது ரத்தக்குழாய். உட்சுவர் தடித்துத் தடித்து, ரத்தம் போக வழியில்லாமல் அடைந்துபோயிருந்தது. ஆறு பேரில் இன்னொருவருக்கும் இதே பாதிப்பு கடுமையாக வந்தது. தோல் பயாப்ஸி, ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடும் சோதனை, வழக்கமான ரத்தக்குழாய்ப் படங்கள் எல்லாம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். எதுவும் ஆரம்பத்திலேயே எச்சரிக்கவில்லை. கையில் தமனியும் சிரையும்கூட நிராகரிப்பின் நேரடி இலக்காக இருக்கலாம் என்று அந்தக் குழு 2012-ல் எழுதியது.

குழாயின் சுவர் மூன்று அடுக்கு. வெளியே தாங்கிப் பிடிக்கும் உறை. நடுவில் சுருங்கி விரியும் தசைச் செல்கள். உள்ளே, ரத்தத்தைத் தொட்டுக்கொண்டு, ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு வழுவழுப்பான படலம். தையலுக்கு அந்தப் பக்கம் இந்தப் படலம் முழுவதும் கொடையாளருடையது. அதன் மேல் ஓடுவதோ பெற்றுக்கொண்டவரின் ரத்தம், டி-செல்களோடும் எதிர்ப்பொருள்களோடும் இரவு பகலாக. கை முழுவதிலும் அந்நியர்களை அதிகம் சந்திக்கும் செல்கள் இவைதான்.

தோலில் நடக்கும் சண்டை அடிதடி மாதிரி, சத்தம் கேட்கும். இங்கே நடப்பது மெதுவான உரசல். படலச் செல்கள் அடிபடுகின்றன, ஆனால் செத்து விழுவதில்லை. காயம்பட்டோம் என்று வேதிச் செய்தி அனுப்புகின்றன. அதைக் கேட்டு நடு அடுக்கின் தசைச் செல்கள் உள்ளே நகர்ந்து வருகின்றன. வந்தவை பெருகுகின்றன, நார்ப்பொருளைச் சுரக்கின்றன. ஆறாத புண்ணை ஆற்ற முயல்வதுதான் இது. உரசல் நிற்காததால் ஆற்றும் வேலையும் நிற்பதில்லை. மாதக் கணக்கில் உட்சுவர் கனத்துக்கொண்டே போகிறது.

பழைய வீட்டின் ஜி.ஐ. பைப்பை அறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அரை அங்குலக் குழாய்க்குள் துருவும் உப்பும் ஏறி, பென்சில் நுழையும் ஓட்டைதான் மிச்சம் இருக்கும். கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ அதுதான். ஒரு திருத்தம்: பைப்பில் தண்ணீரிலிருந்து வந்தது படிகிறது, இங்கே பைப்பே உள்நோக்கி வளர்கிறது.

கொழுப்பு அடைப்பு இதற்கு உறவுக்காரன் மாதிரித் தெரியும், ஆனால் வேறு. கொழுப்பு பொதுவாகச் சுவரின் ஒரு பக்கத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படியும். அந்த இடத்தில் ஸ்டென்ட் வைக்கலாம், தாண்டி பைபாஸ் போடலாம். நிராகரிப்பால் வரும் தடிப்போ குழாயைச் சுற்றி வளையம் போலச் சீராக, நெடுகிலும், சின்னக் கிளைகள்வரை வருகிறது. எந்த இடத்தைத் தாண்டி பைபாஸ் போடுவது? அது பொருத்திய உறுப்பின் குழாயில்தான் வரும், சொந்தக் குழாயில் வராது. இதய மாற்று மருத்துவர்களுக்கு இது பழைய எதிரி. புது இதயத்தின் நரம்புகள் அறுபட்டே வருவதால் குழாய் அடைந்தாலும் பலருக்கு நெஞ்சு வலிக்காது. அதனால்தான் நன்றாக நடமாடுகிறவரையும் கால இடைவெளியில் கூப்பிட்டு ஆஞ்சியோகிராம் எடுக்கிறார்கள்.

கை மட்டும் எப்படி ஏமாற்றியது? உங்கள் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பிடித்துவிட்டு விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்கும். ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று வார்டில் முதலில் பார்ப்பது இதைத்தான். கைக்கு வரும் பெரிய தமனிகள் இரண்டு: கட்டைவிரல் பக்கம் ஒன்று, சுண்டுவிரல் பக்கம் ஒன்று. இரண்டும் உள்ளங்கையில் வில் போல வளைந்து சேர்கின்றன. ஒன்றில் ஓட்டம் குறைந்தால் மற்றது கொடுக்கும். இரண்டிலும் குறைந்தால் கீழேயுள்ள நுண்குழாய்கள் விரிந்து கிடைப்பதை இழுத்துக்கொள்ளும். அதனால் நகம் சிவந்துகொண்டே இருக்கும், கை வெதுவெதுப்பாகவே இருக்கும்.

ஆனால் குழாய்க் கணக்கு கொடூரமானது. அழுத்தம் மாறாமல் உள்விட்டம் மட்டும் பாதியானால், ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிறது. மணிக்கட்டுத் தமனியின் விட்டமே 2, 3 மில்லிமீட்டர்தான். அதில் சுவர் இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தடித்தால் போதும், அந்தப் பாதி வந்துவிடும். சமாளிப்பு தீரும்வரை எதுவும் தெரியாது. தீர்ந்ததும் விரல் கறுப்பதை நிறுத்தப் பல நேரம் வழி இருக்காது.

படங்களில் தெரியாததற்குக் காரணமும் எளிது. ஆஞ்சியோகிராம் காட்டுவது ரத்தம் ஓடும் வழியை. சுவரின் கனத்தை அல்ல. வீட்டுக்கு வெளியே நின்று வாசல் அகலத்தைப் பார்த்துச் சுவர் எத்தனை செங்கல் கனம் என்று சொல்வது போலத்தான். சீராக நெடுக ஒடுங்கிய குழாயில், ஒப்பிட்டுப் பார்க்க அகலமான இடமே இருக்காது. இயல்பாகவே சின்னக் குழாய் போல என்று தோன்றிவிடும். தோல் பயாப்ஸியும் இதைப் பிடிக்காது. மிளகளவு தோலில் தமனி எப்படி வரும்? பெரிய குழாயை வெட்டி எடுத்துச் சோதிப்பதும் முடியாத காரியம். எந்தக் கையைக் காப்பாற்றச் சோதிக்கிறோமோ அதற்கே ரத்தம் போகாது.

இந்தத் தடிப்பைத் தூண்டுபவை பல. கொடையாளரின் எச்.எல்.ஏ.வுக்கு எதிராகவே உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள் அதில் ஒன்று. விபத்தில் கை போனவர்களுக்குப் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றியிருப்பார்கள், தீக்காயத்துக்கு வேறொருவர் தோலைப் போர்த்தியிருப்பார்கள். பெண்ணாக இருந்தால் கர்ப்பத்தில் குழந்தையின் புரதங்களைச் சந்தித்திருப்பார். இப்படி முன்பே தயாராகிவிட்ட எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று அறுவைக்கு முன்பே கொடையாளரின் செல்களோடு கலந்து பார்ப்பது அதனால்தான். திரும்பத் திரும்ப வந்துபோகும் தோல் நிராகரிப்புகள் இன்னொன்று. மாத்திரை தவறுவதும் அளவு குறைவதும் சொல்லவே வேண்டாம்.

லூயிவில்காரர்கள் அதன் பிறகு எடுத்த கருவி கண் மருத்துவத்திலிருந்து வந்தது. யு.பி.எம். என்பார்கள், மிக உயர்ந்த அலைவரிசையில் இயங்கும் அல்ட்ராசவுண்ட். க்ளாக்கோமா நோயாளிகளின் கண்ணின் முன்பகுதியைப் பார்க்கப் பயன்படுவது. அலைவரிசை கூடக்கூட ஆழமாகப் போகாது, ஆனால் மேலோட்டமாக இருப்பதை நுணுக்கமாகக் காட்டும். மணிக்கட்டுத் தமனி தோலுக்கு அடியிலேயே ஓடுவதால் அது போதும். நாடி பிடிக்கும் இடத்தில் ஜெல் தடவிக் கருவியை வைத்தால், ஓட்டத்தோடு சுவரும் திரையில் தெரிகிறது, உள் அடுக்கு தனிக் கோடாக. அந்தக் கோட்டின் கனத்தை அளந்து, போன முறை அளந்ததற்குப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறார்கள். எண் ஏறியிருந்தால், நகம் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும், மருந்தைப் பற்றிய பேச்சு அன்றைக்கே தொடங்கும்.